சைபர் விழுந்த மாவட்டம்

நாலு மணிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் கிடக்கிறது. அதற்குள் ஒரு போன் போட்டால் போதும், ஒரே ஒரு போன். உலகம்மாளுக்கு என்ன, கை முடங்கியா கிடக்கிறது? ஐம்பத்தி நாலு வயதுக்கு நல்ல கைதான், காலையில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிய கைதான். ஆனால் போனை மேஜை மேல் குப்புறப் போட்டுவிட்டு, டிபன் டப்பாவை அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறாள் மகராசி. டப்பாவை எடுத்தால் போன் தன்னாலே பேசிவிடும் என்று பயமோ என்னவோ. காலையில் பொன்சுதா கூப்பிட்டபோது மணி பத்தே கால், அலுவலகத்தில் எல்லோரும் பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த நேரம். பொன்சுதா தங்கச்சி மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள், ஐந்து மாதக் கர்ப்பம். "பெரியம்மா, இன்னைக்கு நாலு மணிக்கு டாக்டரம்மாவப் பாக்கணும். அம்மா எதுல செத்தாவன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அப்பாகிட்ட கேட்டா மாரடைப்புன்னு சொல்லுதாவ. இருவத்தி நாலு வயசுல, பிள்ளை பெத்த பதினாறாம் நாளு, மாரடைப்பு எப்படி வரும்னு டாக்டரம்மா ஒத்துக்கவே மாட்டேங்காங்க. ரத்தம் கட்டிக்கிட்டு செத்தாங்களா, அப்படி இருந்தா உங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கு, ஊசி போட்டுக்கிட்டே வரணும்னு சொல்லுதாங்க. நீங்கதான கூட இருந்தீக, உங்களுக்குத் தெரியும்லா?" தெரியும்லா என்று அந்தப் பிள்ளை கேட்டது. அதற்கு இவள் சொன்ன பதில் என்ன தெரியுமா? "யோசிச்சுச் சொல்லுதேன்ளா." யோசிக்க இதில் என்ன இருக்கிறது, என்ன வேகவைத்த கடலையா இது, தொலியை உரித்து உரித்துப் பார்க்க? இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம்.

எதிரே கம்ப்யூட்டர் திரையில் அட்டவணை திறந்து கிடக்கிறது. வேடிக்கையைப் பாருங்கள், இன்றைக்கென்று பார்த்து இந்த அட்டவணை. ரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்கள், மாவட்ட வாரியாக. சென்னையில் இருக்கிற இந்தப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு ஊர் ஊராகச் செத்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு எண்ணாக வந்து சேருகிறார்கள், அவர்களைக் கட்டத்துக்குள் உட்கார வைப்பதுதான் கண்காணிப்பாளர் உலகம்மாளுக்கு வேலை. பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற மாவட்டங்களில் மூன்று இலக்கம். நடுத்தர ஊர்களில் இருபது, முப்பது. கீழே வர வர ஆறு, நாலு, ஒன்று. அப்புறம் அவளுடைய மாவட்டம், பிறந்த மாவட்டம், செவ்வல் மண்ணும் வேலிக்கருவையுமாகக் கிடக்கிற மாவட்டம், அதற்கு நேரே ஒரு சைபர். போன வருஷமும் சைபர், அதற்கு முந்தின வருஷமும் சைபர். புதிதாக வந்திருக்கிற மேலதிகாரி ரெஜினா மேடம் நேற்று அதில் விரலை வைத்துவிட்டாள். "பக்கத்து மாவட்டத்துல அத்தனை பேரு, இங்க ஒருத்தர்கூட இல்லையா? எப்படி? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுப்பதற்கென்ன, போன வருஷக் குறிப்பே இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. மக்களின் உணவுப் பழக்கம், உடல் உழைப்பு, தட்பவெப்பம் ஆகியவை காரணமாக இருக்கலாம். இதை எழுதின புண்ணியவதி யார்? இவளேதான். பக்கத்து மேஜைத் தணிகைவேல் அதைப் படித்துவிட்டு, "உங்க ஊரு வெயிலுக்கு ரத்தம் எங்க மேடம் உறையும், கொதிச்சுக்கிட்டுல்ல கிடக்கும்" என்று சிரித்தான். இவளும் கூடச் சிரித்தாள். சிரித்தாளே, அதைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சைபர் எப்படி விழுகிறது என்று இந்த மாநிலத்தில் ஒருத்திக்குத் தெரியுமென்றால் அது அவளுக்குத்தான். வீட்டில் செத்தால் கிராம நிர்வாக அலுவலர் வருவார், பெஞ்சில் உட்காருவார், பெயர், வயது, அப்பன் பெயர் எழுதுவார், காரணம் என்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்ப்பார், "என்னன்னு போட?" என்பார். கூட்டத்தில் படித்தவர்களாக யார் நிற்கிறார்களோ அவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். வயசானவர்களுக்கு முதுமை, மற்றவர்களுக்கு நெஞ்சுவலி. தங்கச்சி செத்த அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் படித்தவள் ஒருத்திதான் நின்றாள், சர்க்கார் வேலைக்குப் போய் ஆறே மாதம் ஆனவள். "நெஞ்சுவலின்னு போடுங்க சார்" என்றாள். அவர் இன்னும் மரியாதையாக மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "பாவம், சின்ன வயசு" என்று பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். நீல மை கசிந்து பையில் ஒரு பொட்டு இருந்தது. அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, பாழாய்ப் போன மனசுக்கு வேண்டாததெல்லாம் ஞாபகம் இருக்கும்.

மணி என்ன? இரண்டு ஐம்பது. டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து பேசலாம். கழுவப் போனால் குழாயடியில் தண்ணீர் சன்னமாகத்தான் வந்தது, தண்ணீர் சன்னமாக விழுவதைப் பார்த்தால் தங்கச்சி செண்பகம் ஞாபகம் வந்து தொலைக்கும், எதைப் பார்த்தால்தான் வராது. "எக்கா, ஒரு வாய் தண்ணி தாக்கா." பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு தள்ளிப்போகும், பால் நீர்த்துப்போகும் என்று தெருவே கூடிச் சொன்னது. அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைப்பேறு பார்க்க வீட்டில் வேறு நாதியில்லை, அதனால் உலகம்மாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் அல்லவா அவள்! பரீட்சைக்குப் படித்த மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டாள். காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், சாயங்காலம் ஒரு டம்ளர், அதற்கு மேல் கேட்டால் உதட்டை நனைக்கிறது மட்டும். வயிற்றைச் சுற்றிப் பழைய வேட்டியை இறுக்கக் கட்டியாயிற்று. ஆபரேஷன் பண்ணின உடம்பு, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, சும்மா மல்லாந்து கிடக்க வேண்டும். செண்பகம் ஓட்டமும் நடையுமாகவே வளர்ந்தவள், படுக்க முடியவில்லை அவளுக்கு. "எக்கா, வாசல் முத்தம் வரைக்கும் ஒரு நடை நடந்துட்டு வாரனே" என்று கெஞ்சினாள். "வாயப் பொத்திக்கிட்டுப் படுளா, அம்மை இல்லாத வீடு, ஒனக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையல்லா கேக்கும்" என்று இவள் அதட்டினாள். ஊர் கேட்கவில்லை. ஊர், அக்காள் மாதிரி யார் பார்ப்பார்கள் என்று பாராட்டியது, அந்தப் பாராட்டு அன்றைக்கு வெல்லமாக இனித்தது, அதை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. பதினாலாம் நாள் இடது கால் வலிக்கிறது என்றாள். கெண்டைக்காலில் குடைச்சல், தொட்டால் சூடு. மறுநாள் கால் வீங்கி, தோல் மினுமினு என்று ஆகிவிட்டது, கொலுசு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருத்தர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அங்கே அதைப் படம் பிடித்துப் பார்க்கிற கருவியும் இல்லை, கேட்கிற டாக்டரும் இல்லை. நீர் இறங்கியிருக்கிறது, வாயு பிடித்திருக்கிறது, நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி உருவிவிட்டால் ஓடிப் போகும் என்றார்கள். பதினாறாம் நாள் மத்தியானம், சரியாக இந்த நேரம்தான் இருக்கும், மூன்று மணி வெயில் தட்டுப்பந்தல் ஓலை இடுக்கு வழியாக விழுந்து தரையெல்லாம் கட்டம் கட்டமாகக் கிடந்தது. உலகம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். குதிகாலில் பிடித்து மேல்நோக்கி, முழங்கால் தாண்டித் தொடை வரைக்கும், நீவி நீவி, பெருவிரலைக் கெண்டைச் சதையில் அழுத்தி அழுத்தி. "சுகமா இருக்குக்கா" என்றாள் செண்பகம். கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கீழக்கா. ஆங், அங்கதான்." அங்கேதான். அங்கேதான் அழுத்தினாள், பாவி, அங்கேதான். அரை மணி நேரம் கழித்து, கொல்லைப்பக்கம் போகக் கூட்டிப்போகும்போது, நடையில் நின்று இவள் தோளைப் பிடித்தாள். "எக்கா, மூச்சு முட்டுக்கா." தோளில் அவள் பிடித்த இடத்தில்தான் வலி, இப்போதும் மழைக்காலத்தில் வருகிறது. டாக்டர் அது தேய்மானம் என்கிறார்.

டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தாயிற்று. மூன்று பத்து. டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்த பிறகு போன் அம்மணமாகக் கிடந்தது, எடுத்து நிமிர்த்திப் போட்டாள், பேசவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே கட்டிடத்தில், மூன்றாம் மாடியில், இறப்புக் காரணங்களுக்குக் குறியீட்டு எண் போடப் பயிற்சி நடந்தது. ஒரு வயதான டாக்டர் வந்து பாடம் எடுத்தார், நல்ல மனுஷன், இடையிடையே ஜோக் அடிப்பார். தேநீரும் போண்டாவும் கொடுத்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும், பெரும்பாலும் இடது காலில், வீங்கும், சூடாக இருக்கும், அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் பத்து நிமிஷம்தான் என்றார். அப்புறம், போகிற போக்கில், "நம்ம ஜனங்க என்ன செய்வாங்க, அதுல எண்ணெய் போட்டு உருவுவாங்க, கட்டி கழண்டு கிளம்பிரும்" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். உலகம்மாளின் கையில் பாதிப் போண்டா இருந்தது. அதை என்ன செய்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் வரவில்லை. கீழே போட்டாளா, தின்றாளா? தின்றிருந்தால் என்ன பிறவி அவள்? உருவிவிடாமல் இருந்தாலும் கழன்றிருக்குமா என்று அந்த டாக்டரிடமே பிறகு வராந்தாவில் வைத்துக் கேட்டாள், யாருக்கோ நடந்த மாதிரி கேட்டாள். "இருக்கலாம்மா, யார் கண்டா, எழுந்து நடந்தாலே கழண்டிருக்கலாம்" என்றார். யார் கண்டா. அந்த இரண்டு வார்த்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டியாயிற்று. சில நாள் அது தெம்பாக இருக்கும், சில நாள் அதுவே முள்ளாகக் குத்தும். அந்தப் பயிற்சிக்குப் பிறகு அவள் கையால் எண்ணெய் தொடுவதில்லை. சமையலுக்குக்கூடக் கரண்டியால்தான். தன் தலைக்கு வைத்துக்கொள்வதில்லை, முடி தேங்காய் நாராகப் போயிற்று, போகட்டும். ஒவ்வொரு மே மாதமும் பொன்சுதாவை அவள் அப்பா ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்டுப் போவார், அவருக்கு மறு கல்யாணம் ஆகி வேறு பிள்ளைகள் ஆகிவிட்டன. பயிற்சிக்கு முந்தின வருஷம் வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி விட்டது இவள்தான். பயிற்சி முடிந்த வருஷம், பிள்ளைக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது, வந்த மறுநாள் காலை ரிப்பனும் எண்ணெய்க் கிண்ணமுமாக வந்து முன்னால் நின்றது. "எண்ணெய் எல்லாம் நான் தொட மாட்டேன், கீழ்வீட்டு அக்காகிட்டப் போய் வச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பினாள். ஏன் என்று அது கேட்கவில்லை. அந்த வருஷமும் கேட்கவில்லை, அடுத்த வருஷமும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

சொல்லிவிடலாம், பாதி சொல்லலாம். கால் வீங்கியிருந்தது, அது ரத்தக்கட்டிதான், டாக்டரம்மாகிட்டச் சொல்லு, ஊசி போட்டுக்கோ. டாக்டருக்கு அது போதும். எண்ணெய்க் கதை எதற்கு டாக்டருக்கு? ஆனால் அந்தப் பிள்ளை விடுமா, இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறவள், கால் வீங்கினப்ப என்ன பண்ணீங்க பெரியம்மா என்று கேட்கும். எப்பத் தெரியும் என்று கேட்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஏன் சொல்லல, எனக்கும் வரும்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல என்று கேட்கும். அப்போது எந்தப் பாதியைச் சொல்வது? உலகம்மாளுக்கென்று இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, இன்னும் கொஞ்ச வருஷத்தில் வேலையும் முடிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு போன் வருகிறது, "பெரியம்மா, சாப்டீகளா?" என்று, அவ்வளவுதான் சொத்து. அது நின்றுபோனால்? நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்ன செய்வது? பத்தரைக்கு என்ன செய்வது? பேசாமல் தெரியாது என்று சொல்லிவிடலாமா, மாரடைப்புதான், எழுதியே இருக்கிறது, சர்டிபிகேட் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்பாள், ஊசி இல்லை, பிரசவம் ஆகும், மாமியார்க்காரி நல்லவள்தான், நல்லவள் என்பதாலேயே அசையவிடாமல் படுக்க வைப்பாள், பதினாலாம் நாள் இடது கால். மேலே மின்விசிறி ஓடுகிறது, தணிகைவேல் யாரிடமோ போனில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறான், திரையில் அந்தச் சைபர் அப்படியே இருக்கிறது. ஒரு காரணம் கேட்கப்படவில்லை, அதனால் ஒரு சைபர், அதனால் அங்கே அந்தக் கருவி தேவையில்லை, அதனால் மறுபடியும் யாரும் கேட்கப்போவதில்லை. செண்பகம் அந்தச் சைபர் முட்டைக்குள்ளேதான் இத்தனை வருஷமும் சுருண்டு படுத்துக் கிடக்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை பேரோ. இன்னொருத்தியையும் அதற்குள் படுக்க வைக்கப் போகிறாயா மூதேவி? மணி மூன்று நாற்பத்தியெட்டு. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். ஜன்னலில் புறா எச்சம் காய்ந்திருந்தது.

"சொல்லுங்க பெரியம்மா, இங்க வந்துட்டேன், டோக்கன் ஒம்பது, ஏழு ஓடுது." உலகம்மாள் நின்று நிதானித்து நல்லபடியாக ஆரம்பிக்கத்தான் நினைத்தாள், வாய் கேட்கவில்லை, கொட்டிவிட்டது. "மாரடைப்பு இல்லளா. ரத்தக்கட்டிதான். எடது காலு வீங்கியிருந்துச்சு, சூடா இருந்துச்சு, ரெண்டு நாளு. அதச் சொல்லு டாக்டர்கிட்ட. மொதல்ல அதச் சொல்லிரு. ஊசி போடணும்னா போட்டுக்கோ, மறுக்காத. பிள்ளை பெத்த பெறகு யாரு சொன்னாலும் படுத்தே கெடக்காத, தண்ணி குடி, நட." அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுதது. "சரி பெரியம்மா" என்றாள் பொன்சுதா. அப்புறம், இவள் பயந்த மாதிரியே, "கால் வீங்கினப்ப என்ன பண்ணீக?" என்றாள். கேட்டேவிட்டாள். உலகம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் எண்ணெய் போட்டு உருவிவிட்டேன்ளா. அப்படிச் செய்யவே கூடாதாம். கட்டி கழண்டு நெஞ்சுக்குப் போயிருமாம். ஒங்கம்மை அதுக்குப் பெறகு அரை மணி நேரந்தான் இருந்தா. எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சு இருவது வருசமாச்சு. ஒங்கிட்டச் சொல்ல எனக்கு நாக்கு வரல. அவளக் கொன்னது நாந்தான் சுதா." அழுகை வரவில்லை, வந்தால் நன்றாக இருந்திருக்கும். வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள், வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எட்டாம் நம்பர் என்று ஒரு குரல் கேட்டது. திட்டட்டும், இனிமேல் கூப்பிடாதீங்க என்று சொல்லட்டும், சரி, சரி, ஊசி மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

"அதனாலதான் எனக்கு எண்ணெய் வச்சுவிட மாட்டீகளா?" என்றாள் பொன்சுதா. குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டிருந்தது. "ஆமளா" என்றாள் இவள். "மொதல்ல வச்சுவிட்டீக. பெறகு திடீர்னு ஒரு வருசம் நிறுத்திட்டீக. நான் என்ன நெனச்சேன் தெரியுமா பெரியம்மா? என்னப் பெத்ததாலதான எங்கம்மா செத்தா, அது ஒங்களுக்குத் தாங்கல, அதான் என் தலையத் தொடப் பிடிக்கலன்னு நெனச்சேன். நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." உலகம்மாள் "ஏளா, சுதா" என்றாள். ஒம்பதாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள். "உள்ள கூப்பிடுதாவ, வச்சிருதேன்" என்று அவள் சொல்லி, போன் நின்றுபோனது. தணிகைவேல் கதவருகில் வந்து, "மேடம், அந்தக் குறிப்பு? போன வருஷத்ததையே போட்டுறவா?" என்றான். "வேண்டாம், இரு, நான் எழுதுதேன்" என்றாள், ஆனால் நகரவில்லை. அந்த மே மாதக் காலை வந்து நின்றுவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை, ரிப்பன் இரண்டும் கழுத்தில் கிடக்க, எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கீழ்வீட்டுக்குப் போ என்றதும் திரும்பியது. ஒரு சொட்டுச் சிந்தினால்கூடப் பெரியம்மாவுக்குக் கோபம் வரும் என்று, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போயிற்று.